கால் பட்ட குற்றம்

கால்பந்தில் அநியாயம் அடியோடு ஒழிந்துவிட்டதாக லீக் நிர்வாகம் அறிவித்த அந்தப் பருவத்தில், வடசென்னை கூட்ஸ்ஷெட் ஸ்டார்ஸ் அணி கடைசி ஆட்டம்வரை ஒன்றைக்கூடப் பதினோரு பேரோடு முடிக்கவில்லை.

அறிவிப்பு வந்த கூட்டத்துக்கு மைக் கட்டியதே தயாளன்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எதுவாக இருந்தாலும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் அந்தப் பகுதியின் தொண்டை. அதெல்லாம் வயிற்றுக்கு. மனசுக்கு, கூட்ஸ்ஷெட் ஆடும் ஆட்டங்களுக்கு மைக்கில் வர்ணனை சொல்வான். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருந்தான். இளமையில் அதே அணிக்கு ஆடியவன். ஆடிய காலத்தில் போட்ட ஒரே கோலை, அன்று கோட்டு நடுவராக நின்ற மாசிலாமணி என்பவர் ஆஃப்சைடு என்று கொடியை உயர்த்திக் கொன்றுவிட்டார். அன்றிலிருந்து மாசிலாமணி ஊதிய ஒவ்வோர் ஆட்டத்திலும் தயாளன் அவரைப் பெயர் சொல்லித் திட்டி வந்தான். ஒருநாளும் விட்டுப்போனதில்லை. சிலர் விளக்கேற்றுவது மாதிரி.

கூட்டத்தில் பேசியவர் லீகின் நெறிமுறை இயக்குநர் முனைவர் ஆராவமுதன். கையில் சின்னதாக ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினார். பிளாஸ்திரி அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். மனிதன் தவறு செய்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் மூளைக்குள் ஓர் உறுத்தல் எழும் என்றும், அதைப் பட்டை பிடித்துவிடும் என்றும் விளக்கினார். லேசாக உறுத்தினால் மஞ்சள் எரியும். பலமாக உறுத்தினால் சிவப்பு எரியும், விசில் தானாக ஊதும். சிவப்பு எரிந்தவர் வெளியேற வேண்டும். அந்தக் கணத்தில் அவர் செய்தது எதுவும் செல்லாது. ஒரே பருவத்தில் மூன்று சிவப்பு வாங்கியவருக்கு ஆயுள்தடை.

“கேமராவுக்குக் கோணம் உண்டு. நடுவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. மனச்சாட்சிக்கு இரண்டும் கிடையாது” என்றார் முனைவர். கைதட்டலுக்காக நிறுத்தினார். கைதட்டல் வரத் தாமதமானதால் தண்ணீர் குடித்தார்.

தயாளன் ஒலியைச் சரிபார்க்க வைத்திருந்த மைக்கை எடுத்தான்.

“சார், தப்பு பண்ணவனுக்கு உறுத்தலைன்னா?”

“உறுத்தாவிட்டால் அவர் தவறே செய்யவில்லை என்று பொருள்.”

“அப்ப எங்க ஏரியாவுல நாங்க திட்டுன அத்தினி பேரும் நல்லவங்களா?”

சிரிப்பு அடங்கியதும் முனைவர் தன் மணிமுடி வாக்கியத்தைச் சொன்னார். மைதானத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் பட்டை உண்டு, நடுவர் உட்பட, அறத்துக்கு விலக்கே கிடையாது. பந்துக்கும் ஒன்று ஒட்டிவிடச் சொல்லித் தயாளன் ஆலோசனை வழங்கினான். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

முதல் ஆட்டத்திலேயே விஷயம் விளங்கியது. கூட்ஸ்ஷெட் பையன்கள் பந்தை எடுக்கப் போவார்கள். கால் எதிராளி மேல் படும். பட்ட மறுநொடி, ஓடுகிற ஓட்டத்திலேயே கை தானாக நீண்டு அவனைத் தொடும், கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பஸ்ஸில் அடுத்தவர் மேல் கால் பட்டால் செய்வதுதான். புத்தகத்தின் மேல் பட்டால் செய்வதுதான். பேசப் பழகுவதற்கு முன்பே பழகிய பழக்கம். அந்தத் தொடுகைக்குப் பின்னால் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ‘ஐயோ’ இருக்கிறதல்லவா, பட்டை அதைப் பிடித்துக்கொண்டது. சிவப்பு. விசில். வெளியே போ.

பயிற்சியாளர் என்னென்னவோ செய்து பார்த்தார். கையை நிக்கருக்குள் விட்டுக்கொண்டு ஆடச் சொன்னார். கை உள்ளே இருந்தது, உறுத்தல் வெளியே வந்தது.

எதிர்முனையில் சாம்ராஜ்யா எஃப்.சி. இருந்தது. பெஞ்சில் உட்காருகிறவனுக்கே தனி பஸ் வைத்திருக்கும் கிளப். மற்ற கிளப்புகள் ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர்கள் மலைமேல் ஒரு முகாம் கட்டினார்கள். பெயர் ‘உள்ளத் தூய்மை முகாம்’. ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே இருந்துவிட்டு இறங்கி வருகிறவனுக்கு உறுத்தல் என்பதே இராது. முழங்காலை உடைத்துவிட்டுப் பச்சைப் பிள்ளை மாதிரி விழிப்பான். பட்டையில் ஒரு புள்ளி வெளிச்சம் இருக்காது. லீகின் அப்பழுக்கற்ற அணி என்ற விருதையும் அவர்களே வாங்கினார்கள்.

ஒளிபரப்பில் வர்ணனை சொன்னது தேன்மொழி என்ற இயந்திரக் குரல். சாம்ராஜ்யா ஆள் உதைத்தால், “அவரது பாதம் எதிரணி வீரரின் முழங்காலைச் சந்திக்கிறது” என்று சொல்லும். கூட்ஸ்ஷெட் ஆள் உரசினால், “குற்றம் புரிந்தார்” என்று சொல்லும். அதிகாரப்பூர்வமற்ற வர்ணனைக்குத் தடை வந்தது. தடை வந்த நாளிலிருந்து தயாளன் மைதானத்துச் சுவரை ஒட்டிய தையற்கடைக்காரர் வீட்டு மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தான். வானத்துக்கு லீகின் சட்டம் செல்லாது என்பது அவன் கட்சி.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, வீட்டுக்குக் கென்னடி வந்த நாள்வரை.

கென்னடி கூட்ஸ்ஷெட்டின் முன்கள ஆட்டக்காரனாக இருந்தவன். சாம்ராஜ்யா அவனை வாங்கி மலைக்கு அனுப்பியது. இறங்கி வந்ததும் ஒரு நாள் தெருவுக்கு வந்தான். தயாளனின் அக்கா கலாராணி வீட்டில்தான் அவன் பாதி வளர்ந்தான். அக்கா மகன் அருமைநாதனும் அவனும் ஒரே தட்டில் தின்றவர்கள். அன்று கலாராணி தரையில் உட்கார்ந்து அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். போன் வந்தது. எழுந்தவன் அவள் காலை நன்றாக மிதித்து, பக்கத்தில் இருந்த சோற்றுத் தட்டையும் இடறிவிட்டு, பேசிக்கொண்டே வெளியே போனான். திரும்பி வந்து உட்கார்ந்து மீதியைத் தின்றான். முகத்தில் ஒன்றுமில்லை.

அவன் போன பிறகு கலாராணி அழுதாள். சுளுக்கா என்று தயாளன் விசாரித்தான்.

“கால் வலிக்கலடா. அவன் தொட்டுக்கலைடா.”

அருமைநாதன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கூட்ஸ்ஷெட்டின் தடுப்பாட்டக்காரன். பந்தை எடுப்பதில் கெட்டி, தொட்டுக்கொள்வதிலும் கெட்டி. அந்தப் பருவத்தில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு வாங்கியிருந்தான். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், சாம்ராஜ்யாவுடன். டிரா செய்தால் கூட்ஸ்ஷெட் லீகில் நிற்கும். தோற்றால் கிளப்பையே மூடிவிட வேண்டியதுதான். அருமைக்கு இன்னொரு சிவப்பு எரிந்தால் அத்தோடு அவன் கால்பந்து முடிந்தது. அவனுக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு வேலை மேல் ஆசையும் கிடையாது. சாம்ராஜ்யாவின் ஏஜென்ட் வந்து தேன் தடவினான். எங்களோடு வா, மலைக்குப் போ, சிவப்பெல்லாம் அழிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் பதில் சொன்னால் போதும்.

“போயிட்டு வந்தா அம்மாவ மிதிச்சா தெரியாது. போகலைன்னா ஆட முடியாது. இன்னா மாமா பண்றது?” என்று கேட்டான் அருமை.

தயாளன் பழக்கதோஷத்தில் மைக்கைத் தேடினான்.

ஆட்ட நாளன்று மைதானத்தைச் சுற்றி எல்லா மாடிகளிலும் ஆட்கள். நிழலுக்குப் போட்ட பந்தலில், மெத்தை வைத்த நாற்காலியில் முனைவர் ஆராவமுதன் வந்து அமர்ந்தார். குழாய் ஸ்பீக்கரைக் கைப்பற்ற அனுப்பப்பட்ட கான்ஸ்டபிள் மாடிக்கு வந்து, இங்கிருந்து கோல்போஸ்ட் நன்றாகத் தெரிகிறதே என்று வியந்து, ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

நடுவர் மாசிலாமணி. ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். பட்டை வந்த பிறகு நடுவருக்கு வேலையில்லை. இயந்திரம் சொன்ன அட்டையைத் தூக்கிக் காட்டுவதற்கு ஒரு கை வேண்டியிருந்ததால் வைத்திருந்தார்கள். விதிப்புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையில் ‘நடுவரின் விருப்புரிமை’ என்று ஒன்றை அலங்காரத்துக்கு விட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைப் பயன்படுத்தியதே இல்லை. அவர் காதுக்குப் பின்னாலும் ஒரு பட்டை. அது எரிந்து யாரும் பார்த்ததில்லை. எதையும் தீர்மானிக்காத மனிதனுக்கு எது உறுத்தும்.

அணிகள் உள்ளே வந்தன. அருமைநாதன் எல்லைக்கோட்டில் நின்று, குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே கால் வைத்தான். எல்லாக் கூட்ஸ்ஷெட் பையன்களும் செய்வதுதான். தயாளன் ஆயிரம் தடவை பார்த்ததுதான். இந்தத் தடவை ஏனோ அவன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினான்.

“அருமை, நில்லு” என்று ஸ்பீக்கர் சொன்னது. மைதானமே மாடியைப் பார்த்தது. “இப்ப எதுக்குடா தரையத் தொட்டுக் கும்பிட்ட?”

அருமை கையைக் குவித்து வாயில் வைத்துக் கத்தினான். “மிதிக்கப் போறேன்ல மாமா.”

“மிதிக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்பு கேட்டாச்சு. அப்பால ஆட்டம் முழுக்கத் தொம்தொம்னு மிதிக்கிற. மண்ணை மிதிச்சிட்டமேன்னு என்னிக்காவது உறுத்திருக்கா?”

அருமை யோசித்தான். இல்லை என்று தலையாட்டினான்.

“அதோ நிக்கிறானுங்க பாரு பதினோரு பேரு. மண்ணுக்குக் குடுக்கிற மரியாதைய மனுசனுக்குக் குடுக்க மாட்டியா?”

பந்தலில் முனைவர் தன் உதவியாளரிடம், அந்த ஆள் என்ன சொல்கிறான் என்று விசாரித்தார். உதவியாளருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் அருமை சாம்ராஜ்யா வரிசைக்கு எதிரே போய்விட்டான். முதல் ஆளின் முன் குனிந்து கெண்டைக்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “அண்ணே, இன்னிக்கு கால் படும். இப்பவே மன்னிச்சுக்க.” அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உயரமான ஒருவன் இதை இந்த ஊர்க் கைகுலுக்கல் என்று நினைத்து, தானும் குனிந்து அருமையின் காலைக் குலுக்கினான். அருமைக்குப் பின்னால் மற்ற பத்துப் பேரும் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டு வந்தார்கள்.

“கூட்ஸ்ஷெட் வீரர்கள் எதிரணியின் காலணித் தரத்தை வியந்து பரிசோதிக்கிறார்கள்” என்று தேன்மொழி நாட்டுக்குத் தெரிவித்தது.

வரிசையின் கடைசியில் கென்னடி நின்றான். அருமை அவன் காலைத் தொட்டபோது, கென்னடி அவனைக் கேலி செய்யவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி கேட்டான்.

“எதுக்குடா இது?”

அருமை எழுந்து, ஓரமாக நின்ற மாசிலாமணியிடம் போனான். “சார், நீங்களும் குறுக்க வருவீங்க” என்று அவர் காலையும் தொட்டான். மாசிலாமணி ஓர் அடி பின்வாங்கினார். பிறகு அவன் தலையில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பந்தல் பக்கம் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. அருமையின் கால் முதலில் உரசியபோது மாடிகளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன. பட்டை எரியவில்லை. அவன் கைகூட நீளவில்லை. கேட்டு முடித்த மன்னிப்பை இரண்டாம் தடவை எதற்குக் கேட்பது. கூட்ஸ்ஷெட் அந்தப் பருவத்தில் முதல் தடவையாகக் கால்பந்து ஆடியது. நன்றாக ஆடினார்கள் என்று சொல்வதற்கில்லை. பதினோரு பேராக ஆடிப் பழக்கமில்லாததால் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். தயாளன் இரண்டு பக்கத்தையும் சமமாகத் திட்டினான். கான்ஸ்டபிள் அவன் விட்டுவிட்ட ஒன்றிரண்டு வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தார்.

ஆட்டம் முடியச் சற்று நேரம் இருந்தபோது கென்னடி பந்தோடு பெனால்டி பெட்டிக்குள் நுழைந்தான். அருமை சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை மட்டும் எடுத்தான். பிறகுதான் கென்னடி தடுக்கி விழுந்தான். மாடியிலிருந்தவர்களுக்கு அது கண்ணாடி மாதிரி தெரிந்தது. அருமையின் பட்டை இருட்டு. கென்னடியின் பட்டை எப்போதும்போல் இருட்டு. விசில் ஊதவில்லை.

பந்தலில் முனைவர் போனைக் காதில் வைத்தார். மைதானத்தில் மாசிலாமணி காதுக்குள் இருந்த இயர்போனில் விரல் வைத்து எதையோ கேட்டார். தலையை அசைத்தார். மறுபடி கேட்டார். பிறகு தன் சட்டைப்பைக்குள் கையை விட்டு, பழைய காலத்துச் சொந்த விசிலை எடுத்து ஊதினார். பெனால்டி. நடுவரின் விருப்புரிமை.

தயாளன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அவன் திட்டவில்லை. மாசிலாமணியின் காதுக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டான்.

“சார்” என்றான் மைக்கில், மெதுவாக. “மாசிலாமணி சார். உங்க பட்டை எரியுது.”

சிவப்பு. நடுவரின் பட்டையோடு விசிலை இணைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அந்தப் பருவத்திலேயே அப்படி ஒரு சிவப்பை யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் கடை வாசலில் போட்ட பல்ப் மாதிரி எரிந்தது. மாசிலாமணி காதைத் தொட்டுப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். முனைவர் கையை வீசி, பெனால்டியை நடத்தச் சொல்லிச் சைகை காட்டினார். மாசிலாமணி பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார். காட்டுவதற்கு ஆள் தேடுகிறவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அதைத் தன் முகத்துக்கு நேராகவே தூக்கிப் பிடித்து, ஒழுங்காக ஒரு நொடி காட்டி, பைக்குள் போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். வாத்தியார் நடை, முதுகு நேராக.

“நடுவர் நீர் அருந்தச் செல்கிறார்” என்றது தேன்மொழி.

சிவப்பு எரிந்தவர் செய்தது செல்லாது. முனைவரின் சொந்த விதி. கூட்ஸ்ஷெட் கோல்கீப்பர் பந்தைப் பெனால்டி புள்ளியிலிருந்து எடுத்து மைதானத்தின் மறுபாதிக்கு உதைத்தான். நடுவர் இல்லாமல் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் இல்லாததால் ஆட்டம் தன் பாட்டுக்கு நடந்தது. மிச்ச நேரத்தில் யாரும் யாரையும் உதைக்கவில்லை என்பதுதான் அதிசயம். பார்க்க ஆளில்லாத இடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். கோல் இல்லாமல் டிராவில் முடிந்தது.

கோட்டுக்கு வெளியே சாம்ராஜ்யாவின் ஏஜென்ட் காத்திருந்தான். அருமை நேராக அவனிடம் போய்க் காலைத் தொட்டான்.

“இதெல்லாம் எதுக்குப்பா?” என்றான் ஏஜென்ட், பெருமையாக.

“வரமாட்டேன்னு சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன்.”

அன்று இரவு டி.வி.யில் காட்டிய ஆட்டச் சுருக்கத்தில் பெனால்டி இல்லை, சிவப்பு இல்லை, மாசிலாமணியே இல்லை. அடுத்த பருவத்தில் ஆட்டத்துக்கு முன் காலைத் தொடும் ‘முன்மன்னிப்பு’ நிகழ்ச்சியை ஒரு சோப்பு கம்பெனி வழங்கும் என்று லீக் அறிவித்தது. தடையை மீறி வர்ணனை சொன்னதற்காகத் தயாளனுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அதில் தேநீர் வடிகட்டலாமா என்று பார்த்தான், காகிதம் வழவழப்பாக இருந்ததால் சரிவரவில்லை.

சில நாள் கழித்து மாசிலாமணி தெருமுனை டீக்கடைக்கு வந்து, தயாளனின் பெஞ்சில், அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கடையே கிளாஸும் கையுமாகத் திரும்பிப் பார்த்தது. காதுக்குப் பின்னால் பட்டை இன்னும் ஒட்டியிருந்தது.

பெனால்டி கொடுக்கப் பந்தலிலிருந்துதான் சொன்னார்கள் என்றார். தான் தலையில் கை வைத்து வாழ்த்திய பையனுக்கு எதிராக ஊத வாய் வந்தது, மனசு வரவில்லை என்றார். இப்போது மலை முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நடுவர்களுக்குத் தனி வகுப்பாம், தான் போவதாக இல்லை. டீ வந்தது. இரண்டு வாய் குடித்தார்.

“தயாளன், ஒண்ணு கேக்கணும். அந்த ஆஃப்சைடு. நான் காசு வாங்கிட்டுக் கொடியைத் தூக்கினேன்னு இத்தனை வருஷமா ஊருக்கே சொல்றீங்க. இதோ பட்டை காதுலதான் இருக்கு. இப்ப சொல்றேன், நீங்களே பாத்துக்குங்க. அன்னிக்கு நான்…”

தயாளன் கையை நீட்டி அவர் காதுக்குப் பின்னாலிருந்து பட்டையைப் பிய்த்தான். முடியோடு வந்தது. அவர் முகம் சுளித்தார். அதை டீக்கடைக்காரரின் கிளாஸ் கழுவும் வாளிக்குள் போட்டான். அது கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு முழுகியது.

“நான் திட்டுறது எனக்கும் உங்களுக்கும் நடுவுல சார். அதுல மெஷின் இன்னாத்துக்கு?”

மாசிலாமணி வாளியைப் பார்த்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. தயாளனும் கேட்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை நம்ம பசங்க டோர்னமென்ட் இருக்கு. விசில் ஊத ஆளில்ல. பட்டை கிட்டை ஒண்ணும் கிடையாது” என்றான் தயாளன்.

“மைக்?”

“அது உண்டு.”

“திட்டு?”

“தாராளமா.”

மாசிலாமணி யோசிக்கிற மாதிரி பாவனை செய்தார். விசில் தன்னிடமே இருக்கிறது என்றார். தயாளன் எழுந்தான். எழும்போது அவன் கால் பெஞ்சுக்கடியில் மாசிலாமணியின் கணுக்காலில் பலமாக இடித்தது. கை தானாக நீண்டது, அவர் முழங்காலைத் தொட்டது, கண்ணுக்குப் போனது. செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தயாளனுக்கு உறைத்தது. கடையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது கால் பட்டதுக்கு சார்” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஆஃப்சைடுக்கு இல்ல.”